கண்காணிப்புக் கமராப் படமும் மரச்செதுக்கு அச்சும்: ஒரே தாளில் எப்படிச் சேர்ப்பது?

நாலாம்குறுக்கு எழுதியது:

வணக்கம். புறக்கோட்டை நான்காம் குறுக்குத் தெருவில் என் மாமாவுக்கு மொத்த வியாபாரக் கடை ஒன்று இருக்கிறது. கடைவாசலில் பொருத்தியிருக்கும் கண்காணிப்புக் கமராவில், லொறிகளிலிருந்து வெங்காயமும் சீனியும் பருப்பும் இறக்கும் நாட்டாமைமார் விடியற்காலையிலிருந்து பதிவாகிக்கொண்டே இருக்கிறார்கள். அந்தப் பதிவுகளிலிருந்து எடுத்த நிலைப்படங்களை ஆதாரமாகக் கொண்டு ஓர் அச்சோவியத் தொடரைச் செய்துகொண்டிருக்கிறேன். பகலில் விளம்பர நிறுவனமொன்றில் கணினி வடிவமைப்பு வேலை. மரச்செதுக்கு, நுண்கலை படித்த காலத்தில் கற்றது.

இப்போது பின்பற்றும் முறை இதுதான்: நிலைப்படத்தைப் பெரிதாக்கி, பருத்திக் காகிதத்தில் இங்ஜெட் பிறிண்டரால் அச்சிடுவித்து, அதன்மேல் ஒட்டுப்பலகையில் செதுக்கிய உருவங்களைக் கறுப்பு மையில் பதிக்கிறேன். இரண்டும் ஒரே தாளில் இருக்கின்றனவே தவிர ஒன்றோடொன்று ஒட்டவில்லை. நிழற்படம் பின்திரையாகவும், மரச்செதுக்கு அதன்மேல் போட்ட அலங்காரமாகவும் நின்றுவிடுகின்றன. அதோடு, சில தாள்களில் உருவங்கள் இரண்டு மூன்று மில்லிமீற்றர் விலகிப் பதிகின்றன, காரணம் புரியவில்லை.

செதுக்குவதை லேசர் இயந்திரத்திடம் கொடுத்துவிட்டால் படமும் கட்டையும் மயிரிழை பிசகாமல் பொருந்தும் என்று நண்பர் ஒருவர் சொல்கிறார். அப்படிச் செய்தால் அதை மரச்செதுக்கு என்று சொல்லலாமா என்பது என் ஐயம். குழுக் கண்காட்சி ஒன்றுக்கான விண்ணப்பத்தில் ஊடகம் என்ன, எத்தனை பிரதிகள் என்று எழுத வேண்டியிருப்பதால் இந்த ஐயத்தைத் தள்ளிப்போடவும் முடியவில்லை. அச்சுக்கூட அனுபவம் உள்ளவர்கள் வழிகாட்டினால் நன்றியுடையவனாவேன்.

மையுருளை எழுதியது:

வணக்கம் தம்பி. விலகிப் பதியும் பிரச்சினையை முதலில் எடுத்துக்கொள்கிறேன், ஏனெனில் அதற்கு நிச்சயமான பதில் இருக்கிறது. உங்கள் இங்ஜெட் அச்சு குளிரூட்டிய கடையொன்றில்தான் ஆகியிருக்க வேண்டும். கொழும்பில் காற்றின் ஈரப்பதன் பெரும்பாலான நாட்களில் 80 வீதத்தை அண்டியே இருக்கிறது. குளிரூட்டிய அறையில் அது மிகக் குறைவு. வறண்ட அறையில் அச்சான பருத்தித்தாள், ஜன்னல் திறந்திருக்கும் உங்கள் வேலையிடத்துக்கு வந்ததும் ஈரத்தை உறிஞ்சி விரிகிறது, அதிலும் நார் ஓடும் திசைக்குக் குறுக்காகக் கூடுதலாக விரிகிறது. ஒட்டுப்பலகையோ, அதன் அடுக்குகளின் நார்கள் ஒன்றுக்கொன்று குறுக்காக ஒட்டப்பட்டிருப்பதால், ஏறக்குறைய அசையாமல் இருக்கிறது. ஆகவே கட்டைக்கான வரைபடத்தைக் கணினிக் கோப்பின் அளவிலிருந்து எடுக்காதீர்கள். அச்சான தாள்களை உங்கள் வேலையிடத்தில் ஓர் இரவு பரப்பிவைத்து, மறுநாள் அந்தத் தாளில் படம் என்ன அளவில் இருக்கிறதோ அதிலிருந்து எடுங்கள்.

தாளைப் பொருத்துவதற்கு ஜப்பானிய மரச்செதுக்குக்காரர்கள் கட்டையிலேயே வெட்டிக்கொள்ளும் 'கெந்தோ' முறையைவிட எளிமையானது எதையும் நான் கண்டதில்லை. ஒரு மூலையில் 'ட' வடிவத்தில் ஒரு வெட்டு, அதே நீளப்பக்கத்தில் சற்றுத் தள்ளி நேர்க்கோடாக இன்னொரு வெட்டு. தாளின் மூலையை முதலாவதிலும் விளிம்பை இரண்டாவதிலும் உட்காரவைத்து இறக்கினால் போதும்.

இங்ஜெட் முதலில், மரச்செதுக்கு பிறகு என்ற உங்கள் ஒழுங்கு சரியானது. மை தடித்து நிற்கும் தாளைப் பிறிண்டருக்குள் விட்டால் அச்சுமுனை உரசிக் கெட்டுப்போகும். ஆனால் சாயம் நீரில் கரைந்திருக்கும் 'டை' வகை மையில் அச்சிடுவிக்காதீர்கள். அது வெளிச்சத்தில் விரைவாக வெளிறும், ஈரம் பட்டால் ஊறிப் பரவும். நிறம் கரையாத நுண்துகள்களாக இருக்கும் பிக்மென்ட் மை என்று கேட்டு வாங்குங்கள். இங்ஜெட்டுக்கென்று மேற்பூச்சிட்ட தாளில் எண்ணெய் மை உள்ளே இறங்காமல் மேலேயே கிடந்து மெதுவாகக் காயும் என்பதையும், பூச்சில்லாத அச்சோவியத் தாளில் எண்ணெய் மை நன்றாக இறங்கினாலும் இங்ஜெட் நிறங்கள் மங்கிவிடும் என்பதையும் நினைவில் கொள்ளுங்கள். கண்காணிப்புக் கமராவின் இரவுப் படம் எப்படியும் சாம்பல் நிறந்தானே. மங்கல் உங்களுக்கு நட்டமில்லை. பிற்காலத்தில் தாளை நனைத்து அச்சிடும் செப்புத்தகட்டு முறைக்குப் போனால் இந்தக் கணக்கு முழுவதும் மாறும். அப்போது இங்ஜெட் படத்தை மெல்லிய ஜப்பானியத் தாளில் எடுத்து, தகட்டை அச்சிடும் அதே அழுத்தத்தில் தடித்த தாளோடு ஒட்டவைப்பது நல்லது.

படத்தைக் கட்டைக்கு மாற்றும்போது இன்னொன்றையும் கவனியுங்கள். கமராப் படத்தின் மூலையில் திகதியும் நேரமும் இருக்குமல்லவா? லேசர் பிறிண்டரிலோ போட்டோக்கொப்பி இயந்திரத்திலோ எடுத்த பிரதியை முகம் கீழாகக் கட்டையில் வைத்து, பின்பக்கத்தைத் தின்னரில் நனைத்த துணியால் தேய்த்தால், அதன் டோனர் (தூள் மை) கரைந்து மரத்தில் இறங்கும். கட்டையில் இலக்கங்கள் இடம்வலம் மாறித் தெரிந்தாலும் அச்சில் சரியாக வரும். கணினியில் திருப்ப வேண்டியதில்லை. கார்பன் தாள் வைத்து வரைவதானால்தான் முன்கூட்டியே திருப்ப வேண்டும். இங்ஜெட் பிரதி இதற்கு உதவாது, அதில் டோனர் இல்லை. ஜன்னலைத் திறந்துவைத்துச் செய்யுங்கள்.

உளிப்பக்கம் எழுதியது:

மையுருளை ஐயா சொன்ன அளவுக் கணக்கு சரியாக இருக்கும். ஆனால் மில்லிமீற்றர் பிசகாமல் பொருந்திய பிறகும் இந்தப் படங்கள் ஒட்டப் போவதில்லை என்று எனக்குத் தோன்றுகிறது, ஏனெனில் ஒரே தகவலை இரண்டு தடவை சொல்லும் இரண்டு அடுக்குகள் அவை. நிழற்படத்திலேயே மூட்டை சுமப்பவர் இருக்கிறார். அவர்மேலேயே அவரைச் செதுக்கிப் பதித்தால் இரண்டாவது வேலைக்கு என்ன அவசியம் மிஞ்சுகிறது?

கமரா என்ன செய்கிறது என்பதை உற்றுப் பாருங்கள். எச்.264 போன்ற காணொளிச் சுருக்கமுறைகள் காட்சியை முழுமையாகச் சேமிப்பதில்லை. படம் 16க்கு 16 படப்புள்ளிகள் கொண்ட கட்டங்களாகப் பிரிக்கப்படுகிறது. அசையாத கட்டங்களுக்கு முந்தைய படத்தில் இருந்த தகவலே திரும்பப் பயன்படுகிறது, அசைகின்ற கட்டங்களுக்குத்தான் புதிய தகவல் செலவாகிறது. சேமிப்பு இடத்தை மிச்சப்படுத்துவதற்காகத் தரத்தைக் குறைத்து வைத்திருக்கும் கடைக் கமராவில் அந்தச் செலவு ஒருபோதும் போதுவதில்லை. அதனால் அடுக்கிவைத்த மூட்டையும் இழுத்துவிட்ட இரும்புக் கதவும் தெளிவாகத் தெரிகின்றன. அவற்றுக்கிடையே சுமையோடு ஓடும் மனிதர்தான் சதுரம் சதுரமாக உடைகிறார். பொருளைக் காக்க வைத்த கமராவுக்குப் பொருள் தெளிவாகவும் உழைப்பவர் சிதறலாகவும் தெரிகிறார் என்றால், உங்கள் தொடருக்கு வேண்டியது அந்தப் படங்களுக்குள்ளேயே கிடக்கிறது. அதைப் பின்திரையாக அச்சிட்டுவிட்டு அதன்மேல் நேர்த்தியான உருவமொன்றைச் செதுக்கும்போது, அந்தச் சிதறலை நீங்களே மூடிவிடுகிறீர்கள்.

ஜெர்மனியின் லைப்சிக் நகரில் பணியாற்றும் கிறிஸ்டியானே பௌம்கார்ட்னர் (பிறப்பு 1967) என்ற ஓவியரின் மரச்செதுக்குகளைத் தேடிப் பாருங்கள். காணொளியிலிருந்து எடுத்த நிலைப்படங்களை அவர் கிடைக்கோடுகளாக மாற்றி, கோட்டின் தடிப்பும் மெலிவும் மட்டுமே ஒளியையும் நிழலையும் சொல்லும்படி, பெரிய பலகைகளில் கையாலேயே செதுக்குகிறார். நொடியில் கடந்துபோன காட்சி ஒன்றின்மேல் மாதக்கணக்கான உழைப்பு ஏறுகிறது. அருகில் நின்றால் கோடுகள் மட்டும், விலகி நின்றால் நெடுஞ்சாலையோ விமானமோ. அங்கே டிஜிற்றல் படிமம் எங்கும் ஒட்டப்படவில்லை. கட்டையின் ஒழுங்காகவே மாறியிருக்கிறது.

உங்களிடம் இருப்பது கோடு அல்ல, கட்டம். ஒட்டுப்பலகையின் மேலடுக்கில் ஒரே திசையில் நார் ஓடுகிறது. கட்டத்துக்குத் திசையே இல்லை. இந்த முரணை எப்படித் தீர்க்கிறீர்கள் என்பதில்தான் படம் உருவாகும். ஒவ்வொரு கட்டத்தையும் ஓர் இருள்நிலையாக எடுத்து, நாரோடு போகும் வெட்டு, நாரைக் குறுக்கறுக்கும் வெட்டு, புள்ளி புள்ளியான குத்து என்று நான்கைந்து வகைக் கீறல்களால் மட்டும் நிரப்பிப் பாருங்கள். குறுக்கறுக்கும் இடத்தில் மரம் சிலும்பும், சிலும்பட்டும். அமெரிக்க ஓவியர் றொபர்ட் ரோஷன்பேர்க் 1963இல் கல்லச்சு செய்துகொண்டிருந்தபோது கல் இரண்டாக உடைந்தது. பத்திரிகைப் படங்களிலிருந்து எடுத்த படிமங்கள் ஏறியிருந்த அந்தக் கல்லை உடைந்தபடியே அச்சிட்டு, 'விபத்து' என்று பெயரிட்டார். அதே ஆண்டு, லுப்லியானா நகரில் ஈராண்டுக்கு ஒருமுறை நடக்கும் அச்சோவியக் கண்காட்சியின் முதற்பரிசையும் அது பெற்றது.

ஆகவே என் ஆலோசனை: இங்ஜெட் அடுக்கை எடுத்துவிடுங்கள்.

மருதானை ஸ்கிறீன் எழுதியது:

தம்பி, நான் கண்காட்சிக்காரன் அல்லன். கலியாண அழைப்பிதழும் துணிப்பையும் ஸ்கிறீன் பிறிண்ட் செய்கின்ற தொழிலில் இருப்பவன். உளிப்பக்கம் சொன்ன கமராக் கதை அருமை. இங்ஜெட்டை எடுத்துவிடச் சொல்வதையும் ஏற்கிறேன். ஆனால் நிழற்பட அடுக்கே வேண்டாம் என்றால், தெளிவாக நிற்கும் மூட்டைக்கும் சிதறும் மனிதருக்கும் உள்ள வேறுபாட்டை எதைக்கொண்டு காட்டுவது? இரண்டையும் ஒரே உளியால் செதுக்கினால் இரண்டும் ஒரே மாதிரித்தான் வரும்.

அசையாத பகுதியை மட்டும் ஸ்கிறீனில், அதாவது சட்டத்தில் இழுத்துக் கட்டிய வலைத்துணியூடாக மையைத் தள்ளி அச்சிடும் முறையில், போடுங்கள். ஸ்கிறீன் மை தாளின் மேல் ஒரு படையாக நிற்கும், கையால் தொட்டால் தெரியும்; இங்ஜெட் மையைப்போல் தாளுக்குள் ஒளிந்துகொள்ளாது. அதன்மேல் மரக்கட்டையின் எண்ணெய் மை விழும்போது இரண்டும் ஒரு வீட்டுப் பிள்ளைகளாகத் தெரியும்.

ஓர் அங்குலத்துக்கு 230 நூல் உள்ள திரை (90 இலக்கத் திரை என்று கேட்டாலும் தருவார்கள்) உங்களுக்குப் போதும். நூல் எண்ணிக்கையை ஐந்தால் பிரித்து வருவதைவிடச் சற்றுப் பெரிய புள்ளியாக ஹாஃப்டோனை (படத்தின் இருளையும் ஒளியையும் புள்ளிகளாகப் பிரிப்பதை) அமைக்க வேண்டும் என்பது எங்கள் கணக்கு; ஆகவே அங்குலத்துக்கு 45 வரிசைக்கு மேலே போகாதீர்கள். 30 வரிசைக்கு இறங்கினாலும் உங்கள் படத்துக்குக் குறைவில்லை, புள்ளி கண்ணுக்குத் தெரிந்தால் இன்னும் நல்லது. புள்ளி வரிசையின் கோணத்தை 22.5 பாகையில் வையுங்கள். 0 அல்லது 90 பாகையில் வைத்தால் புள்ளியும் திரையின் நூலும் ஒன்றோடொன்று மோதி, அலையலையான கோலமொன்று படம் முழுக்கத் தோன்றும். நீரில் கரையும் மையில் அடிக்கும்போது மின்விசிறியை நிறுத்திவிடுங்கள், இல்லாவிட்டால் சிறு புள்ளிகள் திரையிலேயே காய்ந்து அடைத்துக்கொள்ளும்.

லேசர் பற்றிக் கேட்டீர்கள். அக்ரிலிக் பெயர்ப்பலகையும் விருதுக் கேடயமும் செய்யும் கடைகளில் அந்த இயந்திரம் இருக்கிறது. ஒட்டுப்பலகையிலும் மரநாரை அழுத்திச் செய்த எம்.டி.எஃப். பலகையிலும் அது நன்றாக வெட்டும். பிறகு கரியைத் துடைத்தெடுக்க வேண்டும், பள்ளம் போதிய ஆழமில்லாவிட்டால் றோலர் அங்கும் மையைப் பூசிவிடும். 'லினோ' என்று சொல்லி விற்கும் மெத்தென்ற வினைல் விரிப்பை மட்டும் லேசரில் வைக்கக் கொடுக்காதீர்கள். வினைல் என்பது பி.வி.சி. பிளாஸ்டிக்; அது எரிந்தால் ஹைட்ரஜன் குளோரைட்டு வாயு வெளியேறும். அது இயந்திரத்தையும் அரிக்கும், நிற்பவருடைய மார்பையும் அரிக்கும். ஆளிவிதை எண்ணெயும் தக்கைத்தூளும் சேர்ந்த உண்மையான லினோலியத்துக்கு இந்த ஆபத்து இல்லை.

நாலாம்குறுக்கு எழுதியது:

மூவருக்கும் மிக்க நன்றி. தாள்களை இரவு முழுதும் பரப்பிவைத்த பிறகு அளந்தேன். ஐயா சொன்னபடியே குறுக்குவாட்டில்தான் விரிந்திருக்கின்றன.

கமராக் கதையைப் படித்த பிறகு பதிவுகளை மறுபடியும் ஓடவிட்டுப் பார்த்தேன். கைவண்டி நிற்கும்போது அதன் சில்லுக் கம்பிகளைக்கூட எண்ணலாம். அதே வண்டியைத் தள்ளத் தொடங்கியதும் வண்டியும் ஆளும் சேர்ந்து கரைந்துவிடுகிறார்கள். ஆகவே இப்படி முடிவு செய்திருக்கிறேன்: இங்ஜெட் இல்லை. மூட்டை, கதவு, நடைபாதை, மூலையில் உள்ள நேர இலக்கங்கள் ஆகியவை ஸ்கிறீனில் சாம்பல் நிறத்தில் போகும். ஆட்களும் நகரும் வண்டிகளும் ஒட்டுப்பலகையில், கட்டங்கட்டமாக, கையால் செதுக்கப்பட்டுக் கறுப்பில் விழும். லேசரைத் தொடப்போவதில்லை. அது தரக்குறைவு என்பதனால் அல்ல. நாள்கூலிக்கு மூட்டை தூக்குபவரைச் செதுக்கும் வேலையை விரைவாக முடித்துவிட எனக்கு மனம் வரவில்லை.

இனி விண்ணப்பப் படிவந்தான். மூலத்தில் இருப்பது ஒரு காணொளிக் கோப்பு, இடையில் கணினி, முடிவில் திரையும் கட்டையும். ஊடகம் என்ற இடத்தில் என்ன எழுதுவது? பிரதிகளுக்கு இலக்கமிடுவதற்கு இதில் தகுதி இருக்கிறதா? மாமாவின் அனுமதி இருக்கிறது. வேறு எவருடைய அனுமதியும் வேண்டுமா?

உளிப்பக்கம் எழுதியது:

தகுதி குறித்த கவலை பழையது. 1960களின் தொடக்கத்தில் மேற்கத்தேய அச்சோவிய அமைப்புகள் 'அசல் அச்சு' என்றால் என்ன என்று வரையறை எழுதிக்கொண்டிருந்தன; கட்டையையோ தகட்டையோ ஓவியரே ஆக்கியிருக்க வேண்டும் என்பது அவற்றின் மையக் கருத்து. ஆனால் 1962இலேயே அமெரிக்க ஓவியர் அண்டி வார்ஹோல் செய்திப் படங்களையும் நடிகர்களின் விளம்பரப் படங்களையும் ஒளிமுறையில் திரைக்கு மாற்றி அச்சிடத் தொடங்கிவிட்டார். வரையறை எழுதியவர்கள் பின்னால் ஓடிவர வேண்டியதாயிற்று. உங்கள் வேலையில் கட்டையும் நீங்கள் செதுக்கியது, படத்தைத் திரைக்கு மாற்றும் பிலிமும் நீங்கள் பிரித்தெடுத்தது. தாராளமாக இலக்கமிடலாம்.

ஊடகம் என்ற இடத்தில் கண்டதை அப்படியே எழுதுங்கள்: 'ஸ்கிறீன் அச்சும் மரச்செதுக்கு அச்சும், பருத்திக் காகிதத்தில், கண்காணிப்புக் கமராப் பதிவிலிருந்து.' 'கலப்பு ஊடகம்' என்ற சொல்லை மட்டும் தவிர்த்துவிடுங்கள். எதைச் செய்தோம் என்று சொல்ல விரும்பாதவர்கள் அதற்குள் ஒளிந்துகொள்வதைக் கொழும்பின் கண்காட்சிச் சுவர்களில் நிறையக் கண்டிருக்கிறேன்.

தொடர் முடிந்ததும், மேலும் பிரதி எடுக்க முடியாதபடி, கட்டையில் குறுக்காகக் கீறி அதை இரத்துச் செய்வது வழக்கம். கோப்பை என்ன செய்வது என்பது உங்கள் விருப்பம். இலங்கையின் நிழற்படக் கலைஞர் லயனல் வென்ட் 1944இல் இறந்த பிறகு அவருடைய நெகட்டிவ்கள் அழிக்கப்பட்டன. இன்று நாம் பார்ப்பது அவர் தம் இருட்டறையில் எடுத்த பிரதிகளையே. அந்த இழப்புக்காக இன்றும் வருந்துகிறவர்கள் இருக்கிறார்கள். கட்டையைக் கீறுங்கள், கோப்பை வைத்திருங்கள் என்பேன். கோப்பிலிருந்து எவரும் உங்கள் அச்சை மறுபடி எடுத்துவிட முடியாது.

அனுமதி பற்றி: மாமா தரக்கூடியது கடையின் அனுமதி மட்டும். படத்தில் இருப்பவர்களிடம் போய், முதல் சோதனை அச்சை விரித்துக் காட்டிக் கேளுங்கள். முகம் தெரியாத அளவுக்குக் கட்டங்கள் பெரிதாக இருந்தாலும், ஒருவருடைய முதுகையும் நடையையும் அவருடைய தோழர்கள் உடனே அடையாளம் கண்டுகொள்வார்கள். எவராவது வேண்டாம் என்றால் அந்தக் கட்டையை ஒதுக்கிவையுங்கள்.

மையுருளை எழுதியது:

கோப்பு விடயத்தில் உளிப்பக்கத்தோடு நான் உடன்படவில்லை. கையால் செதுக்கிய பகுதியை மறுபடி எடுக்க முடியாது என்பது உண்மை. திரைக்கான பிலிமை எவரும் அரை மணித்தியாலத்தில் மறுபடி எடுக்கலாம். பிரதி வாங்குபவருக்கு நீங்கள் தரும் வாக்கு தாள் முழுவதற்கும் உரியது. காணொளியை வைத்திருங்கள், ஆனால் பிலிமையும் புள்ளி பிரித்த கோப்பையும் கட்டையோடு சேர்த்து இரத்துச் செய்துவிடுங்கள்.

கண்காட்சி எப்போது என்று நீங்கள் சொல்லவில்லை. ஒக்டோபர், நவம்பர் மழைக்குள் அகப்பட்டால் எண்ணெய் மை காய்வதற்கு வழக்கத்தைவிட நெடுநாள் பிடிக்கும். ஸ்கிறீன் மைப் படையின்மேல் விழுந்த இடங்களில் இன்னும் தாமதமாகும். காய்ந்துவிட்டது என்று நம்பித் தாள்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் ஒட்டிக்கொள்ளும். கயிற்றில் தொங்கவிட்டு உலர்த்துங்கள், சட்டமிடும் நாளுக்கு ஒரு மாதம் முன்னதாக அச்சை முடித்துவிடுங்கள், முதல் தாளில் ஓரமொன்றைப் பருத்தித் துணியால் அழுத்தித் துடைத்துப் பார்த்து, கறுப்பு ஏறாவிட்டால் மட்டும் கண்ணாடிக்குள் வையுங்கள்.